விவசாயிகள் சந்தையில் கைப்பக்குவ சீஸ்: கூடுதல் விலை எதற்கு?

அகல்விளக்கு:
விவசாயிகள் சந்தைக்குப் போவதை நிறுத்திவிட்டேன். காரணத்தைச் சொல்கிறேன், மறுப்பவர்கள் மறுக்கலாம். அங்கே கடை போடும் பலர் விவசாயிகளே இல்லை. விடியுமுன் மொத்தச் சந்தையில் பெட்டி பெட்டியாக எடுத்து, கூடைக்கு மாற்றி, நம்மிடம் விற்கிறார்கள். சீஸ் விஷயம் இன்னும் மோசம். ஒரு மரப்பலகை, கையால் எழுதிய சீட்டு, அதில் 'கைப்பக்குவம்' என்று ஒரு சொல், அவ்வளவுதான், விலை இரண்டு மடங்கு. யார் செய்தது, எந்தப் பண்ணைப் பால், எப்போது செய்தது, எதுவும் அதில் இருக்காது. சூப்பர் மார்க்கெட் பாக்கெட்டிலாவது தயாரித்தவர் பெயரும் தேதியும் அச்சாகியிருக்கிறது. அப்புறம் நான் எதற்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்?

கோடைமழை:
காய்கறி பற்றிச் சொன்னதில் நியாயம் உண்டு. சீஸ் பற்றிச் சொன்னதை ஏற்க மாட்டேன்.

ஒரு கிலோ கெட்டி சீஸுக்கு ஏறத்தாழ 10 லிட்டர் பசும்பால் வேண்டும். அதை உறைய வைத்து, கட்டியை வெட்டி, தெளிந்த நீரை வடித்து, அச்சில் அழுத்தி, உப்பிட்டு, அதன்பின் குளிர்ந்த ஈரமான அறையில் மாதக்கணக்கில் வைத்துத் திருப்பித் திருப்பிப் போட வேண்டும், மேல்தோலைத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த மாதங்களில் ஈரம் வற்றி எடையும் குறைகிறது, அதாவது விற்க வேண்டிய சரக்கே செய்தவர் கண்ணெதிரில் சுருங்குகிறது. பெரிய ஆலைகளில் பெரும்பாலும் பிளாஸ்டிக்கில் காற்றுப் புகாமல் அடைத்தே முதிர வைக்கிறார்கள். எடை போகாது, மேல்தோல் வராது, எந்தக் கட்டியை எடுத்தாலும் ஒரே ருசி. அது குற்றமில்லை, ஆனால் இரண்டும் ஒரே பொருள் அல்ல.

நிறத்தையும் பாருங்கள். மாடு பசும்புல் மேயும் மாதங்களில் புல்லில் உள்ள பீட்டா கரோட்டின் பாலின் கொழுப்பில் சேர்ந்து சீஸ் மஞ்சளாகும், காய்ந்த தீவனம் தின்னும் மாதங்களில் வெளுக்கும். ஆடு அதை வைட்டமின் ஏ-வாக மாற்றிவிடுவதால் ஆட்டுப்பால் சீஸ் வெள்ளையாகவே இருக்கும். ஆண்டு முழுக்க ஒரே ஆரஞ்சு நிறம் என்றால் பெரும்பாலும் அன்னாட்டோ விதைச் சாயம் சேர்த்தது. இதையெல்லாம் செய்தவரிடமே கேட்டு, ஒரு துண்டு தின்று பார்த்து, பிடித்ததில் கொஞ்சம் மட்டும் வெட்டித் தரச் சொல்லலாம். பாக்கெட்டில் அது நடக்காது.

அகல்விளக்கு:
நீங்கள் விவரிப்பது நல்ல சீஸை. மேசைக்குப் பின்னால் நிற்பவர்தான் அதைச் செய்தாரா என்பது என் கேள்வி. ஒருவரிடம் பச்சைப் பாலா, பாஸ்சுரைஸ் செய்த பாலா என்று கேட்டேன். "எல்லாம் இயற்கைதாங்க" என்றார். இது ஒரு பதிலா?

தெளிநீர்:
அதற்குப் பதில் சொல்லத் தெரியாதவரிடம் மென்மையான சீஸ் வாங்கவே வாங்காதீர்கள். பாஸ்சுரைஸ் என்பது கிருமி சாகப் பாலைச் சூடாக்குவது, 72 டிகிரி செல்சியஸில் 15 விநாடி, அல்லது 63 டிகிரியில் 30 நிமிடம், இவ்வளவுதான். அந்தச் சூட்டைக் காட்டாத பச்சைப் பாலில் லிஸ்டீரியா என்ற நோய்க்கிருமி இருந்தால் அது ஃப்ரிட்ஜ் குளிரிலும் பெருகும். கர்ப்பிணிகளுக்கு அந்தக் கிருமி வந்தால் கரு கலையும் அபாயம் உண்டு. 'பச்சைப் பாலில்தான் சத்து' என்று சொல்லிச் சின்னக் குழந்தைகளுக்கும் இதை வாங்கிக் கொடுக்கச் சொல்கிறார்கள், கேட்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. ஐஸ் பெட்டியோ குளிர்பெட்டியோ இல்லாமல் வெயிலில் மென் சீஸைப் பரப்பி வைத்திருந்தால், பால் எதுவானாலும் நகர்ந்துவிடுங்கள்.

கோடைமழை:
குளிர்பெட்டி விஷயத்தில் உங்களோடு நிற்கிறேன். ஆனால் பச்சைப் பால் என்றாலே ஆபத்து என்று மொத்தமாக ஒதுக்குவது சரியில்லை. இத்தாலியின் பார்மிஜானோ ரெஜ்ஜானோ, பிரான்சின் கோம்தே, ரோக்ஃபோர் ஆகிய சீஸ்கள் மூன்றும் விதிப்படியே பச்சைப் பாலில்தான் செய்யப்படுகின்றன. பார்மிஜானோ குறைந்தது 12 மாதம் முதிர வேண்டும், கோம்தே 4 மாதம். ஈரம் வற்றி உப்பு ஏறிய அந்தக் கட்டியில் கிருமி பிழைப்பது கடினம். அமெரிக்காவிலும் பச்சைப் பால் சீஸ் 60 நாள் முதிர்ந்தால் விற்கலாம்.

தெளிநீர்:
கெட்டி சீஸுக்குச் சரி. ரோக்ஃபோரை அந்த வரிசையில் சேர்த்தது தவறு, அது ஈரமான நீலப்பூஞ்சை சீஸ், கர்ப்பிணிக்கு அதைக் கொடுக்கக் கூடாது. 60 நாள் கணக்கும் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. வெள்ளைப் பூஞ்சை படர்ந்த மென் சீஸில் நாள் ஆக ஆகப் புளிப்பு குறைகிறது, புளிப்பு குறைந்தால் லிஸ்டீரியாவுக்கு வசதி கூடுகிறது. அங்கே காத்திருப்பதால் பாதுகாப்பு வராது.

வரப்போரம்:
நான் காய்கறி பயிரிட்டுச் சந்தையில் விற்பவன். அகல்விளக்கு சொன்ன மறுவிற்பனைக்காரர்கள் உண்மையில் இருக்கிறார்கள், எங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். கண்டுபிடிக்க முடியும். எல்லாக் காயும் ஒரே அளவு, மேசைக்கு அடியில் ஸ்டிக்கர் ஒட்டிய அட்டைப்பெட்டி, பருவமே இல்லாத பழம், ஒரே ஆளிடம் இருபது வகை, இதெல்லாம் பார்த்தால் சந்தேகப்படுங்கள். "அடுத்த வாரம் என்ன வரும், எது முடியப் போகுது?" என்று கேளுங்கள். பயிரிட்டவன் யோசிக்காமல் சொல்வான், பூச்சிக்கு என்ன அடித்தான் என்பதையும் சேர்த்துச் சொல்வான்.

எல்லாவற்றுக்கும் கூடுதல் விலை தர வேண்டியதில்லை என்பதை நானே சொல்கிறேன். வெங்காயம், உருளைக்கிழங்கு எங்கே வாங்கினாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. பச்சைப் பட்டாணியும் ஸ்வீட் கார்னும் வேறு. பறித்ததும் அவற்றின் சர்க்கரை மாவுச்சத்தாக மாறத் தொடங்கிவிடும், காலையில் பறித்ததை அன்றைக்கே சமைத்துப் பாருங்கள். தக்காளியைத் தூரத்துக்கு அனுப்பக் காயாகவே பறித்து எத்திலீன் வாயுவில் சிவக்க வைக்கிறார்கள். செடியில் பழுத்ததை நான் தருகிறேன், அதை நீங்கள் ஃப்ரிட்ஜில் வைத்தால் வாசனை போய்விடும், வெளியிலேயே வையுங்கள்.

அகல்விளக்கு:
ஐயா, உங்களிடம் நான் வாங்கத் தயார். ஆனால் துப்பறிந்து உங்களைக் கண்டுபிடிக்கும் வேலை ஏன் என் தலையில் விழ வேண்டும்? கையில் பையும் குழந்தையுமாக வருபவர்கள் மேசைக்கு அடியில் குனிந்து பெட்டி பார்ப்பார்களா? 'விவசாயிகள் சந்தை' என்று பலகை மாட்டியவர்கள்தான் அதைச் சரிபார்க்க வேண்டும். நியூயார்க்கில் 1976-இல் தொடங்கிய கிரீன்மார்க்கெட்டில் தான் விளைவித்ததையோ செய்ததையோ மட்டுமே விற்கலாம். கலிஃபோர்னியாவில் சான்று பெற்ற சந்தைகளில் விவசாயி என்னென்ன பயிரிடுகிறார் என்ற சான்றிதழை மேசையில் வைக்க வேண்டும். இந்த மாதிரி ஒரு தாள் வைக்கும்வரை நான் பாக்கெட்டையே வாங்குவேன்.

கோடைமழை:
தாள் வரட்டும், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது வரும்வரை நீங்கள் விலகி நின்றால் நஷ்டம் யாருக்கு? எடை குறையக் குறைய சீஸை முதிர வைத்துக் காத்திருந்தவருக்குத்தான். மறுவிற்பனைக்காரருக்கு ஒன்றும் ஆகாது, அவர் நாளைக்கு வேறு சந்தைக்குப் போவார்.

வரப்போரம்:
அதுதான் நடக்கிறது. மொத்தச் சந்தைச் சரக்கின் விலைக்கு என்னால் இறங்க முடியாது, என் பட்டாணி சில வாரம்தான் காய்க்கும். சந்தை நிர்வாகத்திடம் நாங்கள் தாள் கேட்டாயிற்று, "மேசை காலியாகிடும்" என்கிறார்கள். வாடகை தருபவரை அவர்கள் இழக்க விரும்பவில்லை. அகல்விளக்கு, வராமல் இருப்பதற்குப் பதில் ஒரு முறை வந்து, இங்கே எழுதியதையே அவர்களிடம் எழுதிக் கொடுங்கள். வாங்குபவர்கள் பத்துப் பேர் கையெழுத்துப் போட்டால் எங்கள் பேச்சை விட அது எடுபடும்.