இரண்டு வருஷம் லூஜாக் பெயரே இல்லாத நோட்டு

2016 குளிர்காலத்தில் அயோவா மாநிலம் டெவன்போர்ட்டில் குடியிருந்தோம். மிசிசிப்பி ஆற்றுக்கு அக்கரையில், மோலினில் எனக்கு வேலை. பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு எண்பது வயது தாண்டியிருந்தது. ஒருநாள் காலை பனி தள்ளும்போது அவர் வீட்டு வாசலையும் சேர்த்துத் தள்ளிவிட்டேன். காபி குடிக்க உள்ளே கூப்பிட்டார். அன்றைக்குத்தான் ஜானி லூஜாக் என்ற பெயரை முதல்முறையாகக் கேட்டேன்.

அந்த ஊர்க்காரர்கள் பலருக்கு லூஜாக் என்றால் கார் ஷோரூம். டெவன்போர்ட்டில் பல வருஷம் நடத்தியிருக்கிறார். பெரியவருக்கு அவர் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் குவார்ட்டர்பேக். அமெரிக்கக் கால்பந்தில் பந்தை யாரிடம் கொடுப்பது, எங்கே எறிவது என்று ஆட்டத்தை நடத்துகிறவர் அவர்தான். எனக்கு அதுகூட அப்போது தெரியாது. பெரியவர் மேசையில் சர்க்கரை டப்பாவையும் கரண்டிகளையும் நிறுத்திவைத்துப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்.

அப்புறம் ஒரு பழைய பள்ளிக்கூட நோட்டைக் கொண்டுவந்தார். எட்டு வயதிலிருந்து நோட்டர் டேம் ஆடிய ஒவ்வொரு ஆட்டத்தையும் ரேடியோவில் கேட்டோ செய்தித்தாளில் பார்த்தோ அதில் எழுதியிருக்கிறார்.

1943-இல் அந்த அணியின் குவார்ட்டர்பேக் ஆஞ்சலோ பெர்ட்டெல்லி. ஆறு ஆட்டத்திலும் ஜெயித்த நேரத்தில் கடற்படைக் காலாட்படையான மரீன் படை அவரை அழைத்துக்கொண்டது. ஆறே ஆட்டம் ஆடியிருந்தும் அந்த வருஷ ஹைஸ்மன் விருது அவருக்குத்தான். கல்லூரி ஆட்டக்காரருக்கு அதைவிடப் பெரிய விருது கிடையாது. அவர் இடத்துக்கு வந்தவர் 18 வயது லூஜாக். முதல் ஆட்டமே ஆர்மியோடு, அதாவது வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரி அணியோடு. 26-0 என்று ஜெயித்தார்கள்.

அடுத்த பக்கங்களைப் புரட்டியபோது பெரியவர் பேசவில்லை, விரலால் காட்டினார். 1944: ஆர்மி 59, நோட்டர் டேம் 0. 1945: ஆர்மி 48, நோட்டர் டேம் 0. லூஜாக் பெயர் எங்குமே இல்லை. அவர் அப்போது கடற்படையில், ஜெர்மன் நீர்மூழ்கிகளைத் தேடி இங்கிலீஷ் கால்வாயில் சுற்றிய ஒரு சிறு கப்பலில் இருந்தார். பயிற்சியாளர் ஃபிராங்க் லேஹியும் கடற்படைக்குப் போய்விட்டார். ஓர் ஆட்டக்காரனுக்கு 19, 20 வயது எவ்வளவு முக்கியம்! அந்த இரண்டு வருஷத்தைத்தான் போர் எடுத்துக்கொண்டது.

பெரியவரின் அண்ணனும் சிறிய கல்லூரி ஒன்றில் ஆடியவராம். பசிபிக் போருக்குப் போனவர் காலில் அடிபட்டுத் திரும்பினார். அதற்குப் பிறகு ஓட முடியவில்லை.

1946 நவம்பர் 9, யாங்கி ஸ்டேடியம். தொடர்ந்து 25 ஆட்டம் ஜெயித்த ஆர்மி. எதிரே, போரிலிருந்து திரும்பிய லேஹியும் லூஜாக்கும். 74 ஆயிரம் பேருக்கும் மேல் கூட்டம். இங்கே சமையலறை ரேடியோ பக்கத்தில் 11 வயதுப் பையனும் அண்ணனும். லூஜாக்குக்கு அந்த வாரம்தான் கணுக்கால் சுளுக்கியிருந்தது. அவர் எறிந்ததில் மூன்று பந்து எதிரணி கையில் போய் விழுந்தது. ஆனால் அந்தக் காலத்தில் ஒரே ஆள்தான் தாக்கவும் வேண்டும், தடுக்கவும் வேண்டும். மூன்றாம் கால்பகுதியில் ஆர்மியின் டாக் பிளான்சார்ட் எல்லோரையும் தாண்டி ஓரக்கோட்டை ஒட்டிப் பாய்ந்து வந்தார். முந்தின வருஷம் ஹைஸ்மன் வாங்கியவர், மலை மாதிரி உடம்பு. மிச்சம் இருந்தது லூஜாக் ஒருவர்தான். காலைப் பிடித்துச் சாய்த்துவிட்டார். ஆட்டம் 0-0.

ஒரு புள்ளிகூட விழாத ஆட்டத்தை எழுபது வருஷம் கழித்து ஒருவர் எழுந்து நின்று நடித்துக் காட்டியதை நான் பார்த்தேன். லூஜாக் அடுத்த வருஷமே ஹைஸ்மன் வாங்கினார். 1943, 46, 47, அவர் ஆடிய மூன்று பருவத்திலும் நோட்டர் டேம்தான் தேசிய சாம்பியன். எனக்கென்னவோ அந்தக் கோப்பைகளைவிட இந்தப் பிடிதான் பெரிதாகத் தெரிகிறது. பிறகு சிகாகோ பேர்ஸ் அணிக்காக ஆடியதையெல்லாம் பெரியவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

2023 ஜூலையில், 98 வயதில் லூஜாக் காலமானார் என்று படித்தேன். நாங்கள் அதற்குள் வேறு மாநிலத்துக்கு வந்துவிட்டோம். பெரியவரும் போய்ச் சேர்ந்திருந்தார். அவர் மகளுக்கு போன் பண்ணி அந்த நோட்டு இருக்கிறதா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். அன்று இரவே 1946-ஆம் வருஷப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினார். பென்சிலில் 0-0 என்று பையனின் எழுத்து. அதன் கீழே பெரிய ஆள் கையெழுத்தில் ஒரு வரி, "லூஜாக் பிடித்துவிட்டான்" என்று. அது பெரியப்பா எழுதியது என்றார் மகள்.