புல் விதை போட்டு 12 நாள் ஆச்சு, ஒரு முளை கூட இல்லை. குளிர்தான் காரணமா?

மொட்டைத்தரை:

எல்லாருக்கும் வணக்கம். எனக்குப் பொறுமை கிடையாதுன்னு முதல்லயே சொல்லிடறேன்.

வீட்டுக்குப் பின்னால ஒரு 40 சதுர மீட்டர் இடம். கொத்தி, கல் பொறுக்கி, சமப்படுத்தி, விதை தூவி இன்னையோட 12 நாள். பையில 7 முதல் 21 நாள்னு போட்டிருக்கு. என் கண்ணுக்கு 7 மட்டும்தான் தெரிஞ்சுது போல. எட்டாம் நாள்லேருந்து பல் தேய்ச்ச கையோட போய்க் குனிஞ்சு பார்க்கறேன். வெறும் மண்ணுதான்.

பாதிக்கு மேல டால் ஃபெஸ்க்யூ, கொஞ்சம் ரைகிராஸ், மீதி கென்டக்கி புளூகிராஸ்னு மூணு புல் வகை கலந்த விதை. விதைச்சப்போ பகல்ல 17 டிகிரி இருந்தது. நாலாம் நாளே குளிர் இறங்கிடுச்சு. இப்போ பகல்ல 11, 12, ராத்திரி 4. காலை சாயந்திரம் ரெண்டு வேளையும் பூவாளியால நல்லா நனைக்கறேன். "அம்மா மண்ணு வளர்க்கறாங்க"ன்னு பையன் கிண்டல் பண்றான்.

விதையே செத்த விதையா? இன்னொரு பை வாங்கி மேலயே தூவிடலாமா? அப்புறம் ஒரு உண்மை: நேத்து மனசு கேக்காம ஒரு மூலையைக் கையால கிளறிப் பார்த்துட்டேன். அது போச்சா?

ஈரக்கை:

அக்கா, அந்த இன்னொரு பையைத் தொடாதீங்க. நான் போன தடவை பத்தாம் நாள்ல அதைத்தான் செஞ்சேன். முதல்ல போட்டதும் ரெண்டாவது போட்டதும் சேர்ந்து முளைச்சு, கோரைப்பாய் மாதிரி நெருக்கமா வந்து, காத்து புகாம பாதி அழுகிப்போச்சு.

மண்ணளப்பவன்:

நாளை எண்ணாதீர்கள், மண்ணின் சூட்டைப் பாருங்கள். காற்று 12 டிகிரியா 15 டிகிரியா என்பது விதைக்குத் தெரியாது. அது படுத்திருக்கும் மண் எவ்வளவு என்பதுதான் கணக்கு. ஒரு மண் வெப்பமானியைக் காலையில் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் செருகிப் பாருங்கள். நீங்கள் போட்டிருக்கும் மூன்றுமே குளிர்காலப் புல் வகை. மண் 10 முதல் 18 டிகிரி வரை இருந்தால் நன்றாக முளைக்கும். 10-க்குக் கீழே போனால் நகரும், ஆனால் நத்தை வேகம். 5-ஐ நெருங்கினால் ஏறக்குறைய நின்றுவிடும். நின்றுவிட்டதே தவிர, செத்துவிடவில்லை. (இதே இடத்தில் அருகம்புல் விதை போட்டிருந்தால் கதை வேறு. அது வெயில் குடிக்கிற புல், இந்தக் குளிரில் கண்ணே திறக்காது.)

மூன்றும் ஒரே நாளில் வராது என்பதையும் மனதில் வையுங்கள். சூடு தோதாக இருந்தால் ரைகிராஸ் 5 முதல் 10 நாளில் தலைகாட்டும், ஃபெஸ்க்யூ ஒன்று இரண்டு வாரம், புளூகிராஸ் 2 வாரத்திலிருந்து ஒரு மாதம் வரை. உங்கள் குளிருக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். அதனால் முதல் பச்சை வந்ததும் "ஐயோ, அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கிறதே" என்று பதற வேண்டாம்.

செத்த விதையா என்று கேட்டீர்களே, ஊகிக்க வேண்டியதில்லை. ஒரு குச்சியால் பத்து விதையைத் தோண்டி உள்ளங்கையில் போட்டுப் பாருங்கள். பையில் இருந்ததுபோலவே சப்பையாக, வைக்கோல் நிறத்தில் இருந்தால் இன்னும் தண்ணீர் குடிக்கவில்லை. உப்பி, நகத்தால் அழுத்தினால் கெட்டியாக இருந்தால் உயிரோடு இருக்கிறது. கொழகொழவென்று நசுங்கினால் அழுகல். ஒரு நுனியில் வெள்ளையாகப் புள்ளி தெரிந்தால் வேர் கிளம்பிவிட்டது. இதற்குப் பிறகுதான் ஆபத்து. வேர் நுனி எட்டிப்பார்த்த விதை ஒரு தடவை காய்ந்தால் மறுபடி எழுந்திருக்காது.

அதற்காக இரண்டு வேளையும் "நல்லா நனைக்க" வேண்டாம். குளிரில் ஈரம் லேசில் போகாது. மண்ணின் மேல்தோல் கருத்திருக்க வேண்டும், பளபளக்கக் கூடாது. பச்சையாகப் பாசி படர்ந்தால் தண்ணீர் அதிகம் என்று பொருள். குளிரும் சொதசொதப்பும் சேர்ந்தால் நாற்று அழுகல் நோய் வந்துவிடும்.

கிளறிய மூலையில் சில விதைகள் ஆழமாகப் போயிருக்கும். அரை சென்டிமீட்டர் மூடல் போதும் இவற்றுக்கு. 2, 3 சென்டிமீட்டர் கீழே போனது மேலே வரப் படாதபாடு படும். அதை அப்படியே விடுங்கள், மறுபடி கிளற வேண்டாம்.

ஈரக்கை:

சூடேத்தறேன்னு கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் ஷீட் மட்டும் போட்றாதீங்க. ஒரே ஒரு நாள் நல்ல வெயில் அடிச்சுது, நான் வீட்ல இல்லை. சாயந்திரம் திறந்தா வேகவெச்ச வாசனை. செடிக்குப் போர்த்தற வெள்ளைத் துணி இருக்கே, மெல்லிசா, காத்தும் தண்ணியும் போற மாதிரி, அது பரவாயில்லை. பறவையும் கொத்தாது.

மொட்டைத்தரை:

தோண்டிட்டேன்! பத்துல ஏழு உப்பியிருக்கு. ரெண்டுல வெள்ளைப் புள்ளி, எள்ளு முனை அளவுகூட இல்லை, கைபேசியில பெருசாக்கித்தான் பார்த்தேன். ஒண்ணு கொழகொழ. மண் 9 டிகிரி. பூவாளியை ஒரு வேளையாக் குறைச்சாச்சு. வெள்ளைத் துணி பாதி இடத்துக்குத்தான் இருந்தது, அதைப் போட்டேன்.

மொட்டைத்தரை:

20-ஆம் நாள். நின்னு பார்த்தா இன்னைக்கும் மண்ணுதான். ஆனா காலையில ஏதோ மினுங்கற மாதிரி இருந்துச்சு, படியில உக்காந்து கன்னத்தைத் தரையோட வெச்சுப் பார்த்தேன். தையல் நூலைவிட மெல்லிசா பச்சை, ஒவ்வொண்ணோட நுனியிலயும் ஒரு சொட்டுத் தண்ணி. தெற்குச் சுவரை ஒட்டி அடர்த்தியா இருக்கு, பகல்ல அந்தச் சுவர் சூடாகும். துணி போட்ட பக்கம் போடாததைவிடக் கொஞ்சம் முன்னால நிக்குது. கிளறின மூலை மட்டும் சுத்தமா வழுக்கை.

மண்ணளப்பவன்:

முந்தி வந்தது ரைகிராஸாக இருக்கும். அந்த மூலையை இப்போது தொடாதீர்கள். ஒரு மாதம் கழித்தும் வழுக்கையாகவே இருந்தால், மண் 10-க்கு மேல் இருக்கும் நாளில் ஒரு கைப்பிடி தூவிக்கொள்ளலாம். அதுவரை யாரும் உள்ளே மிதிக்க வேண்டாம். 8 சென்டிமீட்டர் வளர்ந்ததும் முதல் வெட்டு, அதுவும் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. மண் ஈரமாக இருக்கும்போது இயந்திரத்தை ஏற்றாதீர்கள், இளம் செடி வேரோடு வந்துவிடும்.

மொட்டைத்தரை:

மிதிக்கறதைப் பத்தி இன்னும் கொஞ்சம் முன்னாடி சொல்லியிருக்கலாம். கிண்டல் பண்ணவன் "எங்கம்மா, காட்டு"ன்னு செருப்போட நேரா உள்ளே நடந்து வந்துட்டான். நாலு செருப்புத் தடம் பதிஞ்சிருக்கு. இப்போ அவனும் கன்னத்தைத் தரையில வெச்சுப் படுத்திருக்கான், படியிலதான்.