கிடிகேடியும் நம்ம கேடியும் ஒன்றா?

அல்சூர் தையல்காரர்:
வணக்கம். பெங்களூரு அல்சூரில் 22 வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். போன வாரம் ராத்திரி எங்கள் தெருவில் நிறுத்தியிருந்த நான்கு பைக்குகளின் சீட்டை யாரோ பிளேடால் கிழித்துவிட்டார்கள். தெருக்காரர்கள் கன்னடத்தில் நோட்டீஸ் எழுதினார்கள். அதில் 'கிடிகேடிகளு' என்று இருந்தது. கீழே தமிழிலும் எழுதச் சொல்லி என்னிடம் தந்தார்கள். காதுக்கு ஒன்றுபோல இருக்கிறதே என்று 'கேடிகள்' என்று எழுதிவிட்டேன்.

மறுநாள் காலை எதிர்வீட்டு அம்மா கடை வாசலில் வந்து நின்றார். "ஏன்பா, என் பையனைத்தானே எழுதியிருக்க?" அந்தப் பையன் மூன்று வருடம் முன்பு ஒரு அடிதடியில் ஸ்டேஷன் வரை போய் வந்தவன். சத்தியமாக நான் அவனை நினைக்கவே இல்லை. ஒன்றாம் வகுப்புச் சட்டையிலிருந்து அவனுக்கு நான்தான் தைக்கிறேன். மனசு கேட்கவில்லை. இரண்டும் ஒரே சொல்தானா? இல்லையென்றால் எதைப் போடுவது?

ஜெயநகர் வாசகி:
அண்ணா, ஒலிதான் ஒன்று. கன்னடத்துக் கேடி, கேடு என்ற சொல்லின் வழி வந்தது. நாம் மதிகேடன் என்பதை அவர்கள் மதிகேடி என்பார்கள். கிடி என்றால் தீப்பொறி. இரண்டும் சேர்ந்து, சேதம் விளைவிப்பவன் என்று பொருள். பஸ் கண்ணாடியை உடைத்துவிட்டு ஓடியவனைக் கன்னடப் பேப்பர் கிடிகேடி என்றுதான் எழுதும்.

நம்ம கேடி போலீஸ் ஸ்டேஷனில் பிறந்தது. வெள்ளைக்காரன் காலத்துப் பதிவேட்டில் பழைய குற்றவாளியை 'நோன் டெப்ரிடேட்டர்' (Known Depredator) என்று குறிப்பார்கள். அதன் ஆங்கில முதல் எழுத்துகள்தான் கே.டி. போலீசுக்கு ஏற்கெனவே தெரிந்த ஆள் என்று பொருள். உங்கள் தெருவில் கிழித்தவன் யாரென்றே தெரியாது. அந்த அம்மாவின் கோபம் நியாயம்தான்.

சிவாஜிநகர் தாத்தா:
என் பேரனை "சரியான கேடிடா நீ" என்று தினமும் கொஞ்சுகிறேன். இதற்கு இவ்வளவா?

ஜெயநகர் வாசகி:
மடியில் வைத்துச் சொல்வது வேறு ஐயா, சுவரில் ஒட்டுவது வேறு.

அண்ணா, 'விஷமிகள்' என்று போடுங்கள். ஆள் தெரியாதபோது தமிழ்ப் பேப்பரும் அதைத்தான் போடும். விஷத்திலிருந்து வந்த சொல் என்று பலர் நினைக்கிறார்கள். விஷமம் செய்பவன் விஷமி, அவ்வளவுதான். 'சமூக விரோதிகள்' வேண்டாம், அதில் கட்சி மேடை வாடை அடிக்கும்.

அல்சூர் தையல்காரர்:
சரிம்மா. பழைய தாளைக் கிழித்துவிட்டு 'விஷமிகள்' என்று புதிதாக எழுதி ஒட்டினேன். ஒட்டும் முன் அந்த அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். பசைக் கிண்ணத்தை அவர்தான் பிடித்துக்கொண்டார்.