அக்கா மகளைப் பற்றிய கோப்பின் நகலை அவளுக்கே தர மறுக்கிறார்கள்: சட்டத்தில் வழி உண்டா?

கேள்வி: தண்டையார்பேட்டை வாசகி

அனைவருக்கும் வணக்கம். என் அக்கா காலமான பிறகு, அவருடைய மகள், பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகளுக்காகச் சட்டப்படி அமைந்த குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவின் பேரில் ஒரு வளர்ப்புக் குடும்பத்தில் சில ஆண்டுகள் இருந்தாள். அங்கே அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டு வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். அடியும் வாங்கினாள், சூடும் பட்டாள். தோசைக் கரண்டியின் விளிம்பு பதிந்த தழும்பு இன்றும் அவள் இடது முழங்கைக்குக் கீழே தெரிகிறது. இப்போது அவளுக்கு 19 வயது. அந்தக் குடும்பத்தின் மீதும், கண்காணிக்கத் தவறியவர்கள் மீதும் இழப்பீட்டு வழக்குத் தொடர விரும்புகிறாள்.

இதற்காக அவளைப் பற்றிய கோப்பின் நகல் கேட்டு அந்தக் குழுவின் அலுவலகத்துக்குச் சென்றோம். எழுத்தர் பீரோவிலிருந்து நாடா கட்டிய கோப்பை எடுத்து, அட்டையில் அவள் பெயர் இருப்பதைக் காட்டிவிட்டு, “இது ரகசியக் கோப்பு, யாருக்கும் தரக் கூடாது” என்று சொல்லி, திரும்ப உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார். தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுப் போட்டதற்கும், தனிநபர் தகவல் என்பதால் தர இயலாது என்றே பதில் வந்தது. தன்னைப் பற்றிய கோப்பைத் தானே பார்க்க முடியாதா என்று அவள் கேட்கும்போது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பதில் 1: பாரிமுனை வழக்கறிஞர்

சகோதரி, முதலில் ஒரு வேண்டுகோள். அந்தப் பெண்ணின் பெயர், பள்ளி, தெரு, வளர்ப்புக் குடும்பத்தின் அடையாளம் எதையும் இங்கே எழுத வேண்டாம். இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 74-ஆம் பிரிவு, குழந்தையின் அடையாளத்தை எந்த ஊடகத்திலும் வெளியிடுவதைத் தடை செய்கிறது. மீறினால் 6 மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

உங்களுக்கு வேண்டிய பதில் அதே சட்டத்தின் 99-ஆம் பிரிவில் இருக்கிறது. குழந்தை தொடர்பாகக் குழு பரிசீலித்த அறிக்கைகள் அனைத்தும் ரகசியமானவை என்று அதன் முதல் உட்பிரிவு சொல்கிறது. அலுவலகம் இதைத்தான் காட்டியிருக்கும். ஆனால் இரண்டாவது உட்பிரிவு, சட்டத்தில் வேறு எது சொல்லப்பட்டிருந்தாலும், பாதிக்கப்பட்டவருக்கு அவருடைய வழக்குப் பதிவு, உத்தரவுகள், தொடர்புடைய தாள்கள் ஆகியவற்றை மறுக்கக் கூடாது என்று தெளிவாகவே கூறுகிறது. அந்தக் குழந்தையை ஊர்வாயிலிருந்து காப்பதற்காக ஏற்பட்ட ரகசியத்தை, அவள் வளர்ந்து வந்து நியாயம் கேட்கும்போது அவளுக்கே எதிராக நிறுத்துவதை எந்த வகையிலும் ஏற்க முடியாது.

ஆகவே தகவல் உரிமை மனுவை விட்டுவிட்டு, 99(2)-ஐக் குறிப்பிட்டு, அவளே கையெழுத்திட்ட மனுவைக் குழந்தைகள் நலக் குழுவிடம் நேரடியாகக் கொடுங்கள். சித்தி என்ற முறையில் நீங்கள் உடன் போகலாம். மனு அவள் பெயரில்தான் இருக்க வேண்டும். மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள், ஏனெனில் எழுத்தில் உள்ள மறுப்பை எதிர்த்துத்தான் உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை (ரிட்) மனுத் தாக்கல் செய்வது எளிது.

வழக்குத் தொடர்வதற்கான காலக்கெடுவைப் பற்றி எனக்குக் கவலை இருக்கிறது. சிறுவயதில் நேர்ந்த தீங்குக்குக் காலவரையறைச் சட்டத்தின் 6, 8 ஆகிய பிரிவுகள் தரும் சலுகை, 18 வயது நிறைந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்கு மேல் நீளாது. அரசையும் எதிர்வாதியாகச் சேர்ப்பதானால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80-ஆம் பிரிவின்படி 2 மாத முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். கோப்பு கைக்கு வரட்டும் என்று காத்திருந்து 21 வயதைக் கடந்துவிடாதீர்கள். வழக்குத் தொடர்ந்த பிறகு நீதிமன்றத்தின் மூலமாகவும் ஆவணங்களை வரவழைக்கலாம்.

பதில் 2: ஓய்வுபெற்ற களப்பணியாளர், வியாசர்பாடி

வழக்கறிஞர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். “கோப்பு வேண்டும்” என்று பொதுவாகக் கேட்டால் இரண்டு உத்தரவு நகல்களைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஒவ்வொரு தாளையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்: சமூக விசாரணை அறிக்கை, தனிநபர் பராமரிப்புத் திட்டம், வளர்ப்புக் குடும்பத்தைத் தேர்வு செய்தபோது எழுதிய இல்ல ஆய்வு அறிக்கை, மருத்துவப் பதிவுகள். எல்லாவற்றையும் விட முக்கியமானது மாதாந்திர ஆய்வுப் படிவம். இளைஞர் நீதிச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு, வளர்ப்புக் குடும்பத்தைக் குழு மாதந்தோறும் ஆய்வு செய்ய வேண்டும் என்கிறது. அவள் பள்ளிக்குப் போகாத மாதங்களில் அந்தப் படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது, அல்லது படிவமே இல்லையா என்பதுதான் கண்காணிப்புத் தவறுக்கு நேரடிச் சான்று. இவற்றின் பிரதிகள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலும் இருக்கக்கூடும் என்பதால் அங்கேயும் ஒரு மனுக் கொடுங்கள். கோப்பை அழிக்காமல் பாதுகாக்க வேண்டும் என்ற ஒரு வரியை இரண்டு மனுவிலும் சேருங்கள்.

இன்னொன்றையும் அக்கறையோடு சொல்கிறேன். தன் தாயைப் பற்றியும் தன்னைப் பற்றியும் யாரோ எழுதி வைத்த வரிகளை அவள் முதல் முறையாகப் படிக்கப் போகிறாள். “பிடிவாதக் குணம் உள்ள குழந்தை” என்பது போன்ற வரிகள் அந்தத் தாள்களில் சாதாரணமாக இருக்கும். அவளைத் தனியாக உட்கார்ந்து படிக்க விடாதீர்கள்.

தண்டையார்பேட்டை வாசகி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அதே வீட்டில் இன்னொரு சிறுவனும் வளர்ந்தான். அவனையும் அடித்தார்கள் என்று இவள் சொல்கிறாள். அவனுடைய கோப்பையும் கேட்கலாமா?

பாரிமுனை வழக்கறிஞர்

நேரடியாகக் கேட்க முடியாது. 99(2) அவரவர் பதிவுக்குத்தான் பொருந்தும். அந்தச் சிறுவனின் ரகசியம் அவனுக்கு உரியது. வழக்கு நடக்கும் நீதிமன்றத்திடம்தான் கேட்க வேண்டும். ஆவணத்தைக் கொண்டுவர அழைப்பாணை வந்தால், ஆட்சேபம் இருந்தாலும் அதை நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தே ஆக வேண்டும், ஆட்சேபம் சரியா என்பதை நீதிபதி முடிவு செய்வார் என்பது நம் சாட்சியச் சட்டத்தின் நெடுங்கால விதி. பெயரை மறைத்து, வழக்குக்குத் தேவையான பகுதியை மட்டும் மூடிய உறையில் தருமாறு நாம் கோரலாம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் சிறார் கோப்புகளுக்கென்றே 827 என்ற சட்டப் பிரிவு இருக்கிறது. கோப்பைப் பார்க்க உரிமை உள்ளவர்கள் யார் யார் என்பதை அது வரையறுக்கிறது. மற்றவர்கள் சிறார் நீதிமன்றத்தில் மனுச் செய்ய வேண்டும், குழந்தையின் நலனையும் வழக்கின் தேவையையும் நீதிபதி எடைபோட்டு எந்தப் பக்கங்களைத் தரலாம் என்று தீர்மானிப்பார். அவ்வளவு விரிவான நடைமுறை நம்மிடம் எழுத்தில் இல்லாததால், கோரிக்கையை நாம்தான் குறுக்கிக் கேட்க வேண்டும்.

செலவுக்காகத் தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமானம் எதுவாக இருந்தாலும், 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 12-ஆம் பிரிவின்படி இலவச சட்ட உதவி உண்டு. உயர் நீதிமன்ற வளாகத்திலேயே மனுக் கொடுக்கலாம். குழுவிடம் மனுக் கொடுக்கும் அன்று, உங்கள் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பி வராதீர்கள்.