டெலஸ்கோப்பால எடுத்த படத்தில எல்லா நட்சத்திரமும் முட்டை, 14 பிரேம் மட்டும் வட்டம். உங்களுக்கும் இப்பிடி நடந்திரிக்கா?

கல்லடி_மாடி:
போன சித்திரை நடந்த கத, இன்னும் மண்டைக்குள்ள நிண்டு குடையுது. ஒமேகா செண்டாரி நட்சத்திரக் கொத்தை எடுக்க வீட்டுப் பிளாட்டுக்கு (கொங்கிரீட் மொட்டை மாடி) ஏறினன், 130 மிமீ நியூட்டோனியன் (கண்ணாடி வெச்ச டெலஸ்கோப்), பழைய மவுண்ட் (வானம் சுத்துறதோட டெலஸ்கோப்பைத் திருப்புற தாங்கி), அது நழுவினா தானாத் திருத்துற கைடிங் ஒண்டும் இல்ல. நம்மட மட்டக்களப்புப் பக்கத்தில மவுண்ட் வைக்கிற கரைச்சல் தெரியும்தானே, அட்சரேகை 7.7 பாகை, மவுண்ட்ட அச்சும் அந்தளவு பணிவா வடக்க பாக்கோணும், என்ட மவுண்ட் தலை அவ்வளவு பணியாது, அதால தெற்குக் காலுக்குக் கீழ ரெண்டு செங்கல் வெச்சு சரிச்சு, எதிர்ப்பாரமாத் தொங்குற எடைக்கட்டி வடக்குக் காலில முட்டுது எண்டு முக்காலியையும் திருப்பி வெச்சு, ஒருமாதிரி 12 மணிக்குத் தொடங்கினன். ஒண்டுக்கு 30 செக்கன், மொத்தம் 90 பிரேம். விடியப் பாத்தா எல்லாம் முட்டை, ஒரே பக்கத்துக்கு நீண்டு கிடக்கு. ஆனா 31ல இருந்து 44 வரைக்கும் 14 பிரேம் மட்டும் குண்டூசித் தலை மாதிரி வட்டம்.

அந்த 7 நிமிசம்தான் கரண்ட் போன நேரம். பாலத்துப் பக்கம் வெளிச்சம் எல்லாம் டக்கெண்டு நிண்டு, வாவி எங்க கரை எங்க எண்டே தெரியாம கறுத்துப்போய், ஷட்டர் அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டு நிண்டன். நான் ஓட்டுறது 12 வோல்ட் பெட்டரியில. கரண்டுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?

அக்கரைப்பற்று_காக்கா:
எனக்கு முட்டை இல்ல, பால். 40 பிரேம் நல்லா வந்து அதுக்குப் பிறகு ஒவ்வொண்டும் பால் ஊத்தின மாதிரி. ஃபோகஸ் போச்செண்டு ஒரு மணித்தியாலம் ஃபோகஸரைத் திருகித் திருகி கை நொந்து போச்சு. கடைசியா டோச் அடிச்சு குழாய்க்குள்ள பாத்தா சின்னக் கண்ணாடி குளிச்சிட்டு வந்த மாதிரி நிக்குது. பனி! பொஞ்சாதிட ஹெயார் டிரையரை எடுத்துக்கொண்டு ஓடினன், இண்டைக்கு வரைக்கும் அந்தக் கத வீட்டில முடியல்ல.

ஏறாவூர்_வாத்தி:
கல்லடித் தம்பி, கரண்டைத் தூக்கி ஒரு பக்கம் வைங்க. உங்கட பிரச்சினை போலார் அலைன்மென்ட், அதாவது மவுண்ட்ட அச்சை வானத் துருவத்துக்கு நேராக்கிறது, வேற ஒண்டுமில்ல. நானும் மூணு மாசம் கொலிமேசன் (கண்ணாடிகளை ஒண்டுக்கொண்டு நேரா வைக்கிறது) பிழை எண்டு கண்ணாடி ஆணியைத் திருகித் திருகி இருந்தவன்தான், கடைசியில பிழை துருவத்தில. நம்மட ஊரில துருவ நட்சத்திரம் 7, 8 பாகைக்கு மேல எழும்பாது. என்ட வீட்டில அது பக்கத்து வளவுத் தென்னைக்குப் பின்னால, மரம் இல்லாத இடத்திலயும் அடிவானப் புகைக்குள்ள. சரி கண்டுட்டீங்க எண்டே வைப்பம், அவ்வளவு பணிவில காத்து வெளிச்சத்தை வளைக்கிறதால அது உண்மையான இடத்தை விட 6 ஆர்க் நிமிசத்துக்கு (பாகையில அறுபதில ஒரு பங்கு) மேல உயர்ந்துதான் தெரியும். அதால நட்சத்திரம் நழுவுறதைப் பாத்துத் திருத்துற டிரிஃப்ட் முறைதான் நமக்குச் சரி. தெற்கில உச்சிக்கு வாற ஒரு நட்சத்திரத்தை, வான நடுக்கோட்டுக்கு (பூமத்திய ரேகைக்கு நேர் மேல வானத்தில உள்ள கோடு) கிட்ட உள்ளதாப் பாத்து, கண்வில்லைக்குள்ள உள்ள குறுக்குக் கம்பியில வெச்சு 5 நிமிசம் பாருங்க, வடக்க தெற்க நழுவினா மவுண்டைக் கிழக்க மேற்க திருப்போணும். பிறகு கிழக்குப் பக்கம் பணிவா உள்ள ஒண்டை எடுத்து உயரத்தைச் சரி பண்ணோணும். அவசரப்படாம ஒரு முழு இரவு இதுக்கே ஒதுக்குங்க. படம் எடுக்கிற ஆசையை அண்டைக்கு மட்டும் விடுங்க. முக்காலி மட்டமா இரிக்கோணும் எண்டு கட்டாயம் இல்ல, ஆனா செங்கல் எனக்குப் பிடிக்கல்ல, மரக்குத்தி ஒண்டு வெட்டி வைங்க.

அக்கரைப்பற்று_காக்கா:
வாத்தியார், போலார் பிழை எண்டா 90ம் முட்டையாத்தானே வரோணும்? கரண்ட் போனா துருவம் சரியாகிடுமா 😄

வந்தாறுமூலை_புள்ள:
காக்கா சொல்றது சரி. எனக்கு மவுண்டுக்குள்ள இரிக்கிற வேர்ம் கியர்லதான் (பல்லுச் சக்கரத்தைச் சுத்துற திருகாணி) சந்தேகம். 144 பல்லுச் சக்கரம் எண்டா திருகாணிட ஒரு சுத்து கிட்டத்தட்ட 10 நிமிசம், அதுக்குள்ள ஒருக்கா வேகமா ஒருக்கா மெதுவா ஓடும், திரும்புற இடத்தில மட்டும் நட்சத்திரம் வட்டமா நிக்கும். எனக்கு அப்பிடித்தான் எட்டாவது ஒன்பதாவது பிரேமுக்கெல்லாம் நல்லது ஒண்டு ரெண்டு வந்தது, பேய் பிடிச்ச மாதிரி முறை வெச்சு வரும். அண்ணன், 45 நிமிசத்தில அந்த 14 மட்டும்தானா, இல்ல வேற எங்கயாவது ஒண்டு ரெண்டு வட்டம் கிடக்கா? இன்னொண்டு, 1 செக்கன் வெச்சு எடுத்துப் பாருங்க. அதிலயும் முட்டை எண்டா போலாரும் இல்ல கியரும் இல்ல, கண்ணாடிப் பிழை, அது இல்லாட்டி ஆட்டம்.

சம்மாந்துறை_வயல்:
இடையில வாறதுக்கு மன்னிக்கோணும். தனுசுப் பக்கம் பால்வீதி எடுக்க வயலுக்குள்ள போனன், படம் முழுக்கச் செம்மஞ்சள், கமெரா செட்டிங் எண்டு எல்லாத்தையும் மாத்திப் பாத்தன். தலையை நிமித்தினா ரெண்டு வரம்பு தள்ளி வைக்கல் எரியுது. மாரிக்கு ஓரியன் வாறப்ப மழை, வெட்டு முடிஞ்சா புகை. நமக்கு எந்த மாசம்தான் வானம் தந்திரிக்கு?

கல்லடி_மாடி:
தங்கச்சி, மத்த 76ம் தட்டித் தட்டிப் பாத்திட்டன், ஒரு வட்டம் கூட இல்ல. நேத்து ஏறி 1 செக்கனும் எடுத்தன். முட்டை.

கொலிமேசன்தான் எண்டு நினைச்சன், ஆனா அது கரண்ட் போற நேரம் தானாச் சரியாகாதே. பிறகு சும்மா ஒரு யோசினை வந்து சாப்பாட்டுப் பீங்கான்ல தண்ணி ஊத்தி முக்காலிக்குப் பக்கத்தில பிளாட்டில வெச்சு சரிச்சு டோச் அடிச்சன். தண்ணி மேல நடுங்குது. சின்னச் சின்ன வரி, நுளம்பு விழுந்த மாதிரி, நிக்காம. நான் அசையாம மூச்சைப் பிடிச்சு நிண்டும் நடுங்குது. ஒரு பத்து நிமிசத்தில தானா நிண்டுது, தண்ணி கண்ணாடி மாதிரி ஆச்சு. ஓடிப்போய் ஷட்டரை அமத்தினன், வட்டம்! திரும்ப நடுக்கம் தொடங்கின நேரம்தான் காதில விழுந்தது, படிக்கட்டு அறைக்குள்ள அம்மாட டீப் ஃப்ரீசர் உறுமுற சத்தம். அதே பிளாட்டில, சுவரோட ஒட்டி வெச்சிரிக்கு, ரெண்டு வருசமா.

வந்தாறுமூலை_புள்ள:
ஐயோ அண்ணன் 😂 அப்ப எடுக்கிற நேரம் பிளக்கைக் கழட்டி விடுங்க.

கல்லடி_மாடி:
அம்மாட்ட கேட்டுப் பாத்தன். உள்ளுக்க அரைவாசிக்கு மேல பாரை மீன் கிடக்காம், நட்சத்திரத்தைக் கீழ இறங்கி வளவுக்க நிண்டு எடுக்கட்டாம்.

ஏறாவூர்_வாத்தி:
வளவுக்க எண்டாலும் போலார் அலைன்மென்ட் செய்யத்தான் வேணும் தம்பி.