மூடா ஆற்றின் கரையோடு மிதிவண்டியில் ஒரு நாள்

சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மலேசியாவின் பினாங்குத் தீவில் உள்ள ஜார்ஜ்டவுனிலிருந்து மிதிவண்டியோடு ஃபெரி ஏறி, எதிர்க்கரைப் பெருநிலத்துப் பட்டர்வொர்த்தில் இறங்கி, மூடா ஆற்றை லாஹார் தியாங்கில் எட்டி, அங்கிருந்து அதன் கரையோடு கடல் வரை போய்த் திரும்பினேன். வீடு வந்து சேர்ந்தபோது அளவுக் கருவி 84 கிலோமீட்டர் காட்டியது. நெடுந்தூரம் மிதிப்பவர்களுக்கு இது பெரிய தொலைவன்று. ஆனால் வழியில் சந்தித்த பெரியவர் ஒருவரைப் பற்றி எழுதி வைக்காமல் இருக்க மனம் வரவில்லை.

தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் பாலத்தில் மிதிவண்டிக்கு அனுமதி இல்லாததால், தீவில் இருப்பவர்களுக்கு ஃபெரியை விட்டால் வேறு வழியில்லை. 2023இல் ஓடத் தொடங்கிய புதிய ஃபெரிகள் நான்கும் கார்களை ஏற்றுவதில்லை. மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே மிதிவண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றால், வியர்வை அரும்புவதற்குள் அக்கரை வந்துவிடும். கெப்பாளா பத்தாசில் ஓர் ஒட்டுக்கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டுப் பசியாறிவிட்டு, வெயில் ஏறுமுன் லாஹார் தியாங்கை அடைந்தேன்.

பினாங்கு மாநிலத்துக்கு வேண்டிய மூல நீரில் ஏறத்தாழ 80 விழுக்காடு இந்த ஆற்றிலிருந்து வருகிறது. லாஹார் தியாங்கில் எடுக்கப்படும் நீர் கால்வாய் வழியாகச் சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய், பிறகு கடலடிக் குழாய்கள் வழியாகத் தீவுக்கும் வருகிறது. பிறந்தது முதல் நான் குடித்து வளர்ந்த தண்ணீர் எங்கிருந்து புறப்படுகிறது என்பதை நாற்பத்திரண்டு வயதில்தான் நேரில் பார்த்தேன் என்பதை வருத்தத்தோடுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. வேலிக்கு வெளியே நின்றபடி, காப்பி நிறத்தில் மெல்ல நகர்ந்துகொண்டிருந்த அந்த நீரை வெகுநேரம் பார்த்தேன்.

அங்கிருந்து மேற்கே, வெள்ளத் தடுப்புக்காக எழுப்பிய கரையின் மேல் வழி போகிறது. சில இடங்களில் தார், சில இடங்களில் செம்மண். சில இடங்களில் வழி அறுந்துபோவதால் கம்பத்து (கிராமத்து) சாலைக்கு இறங்கி மீண்டும் ஏற வேண்டும். வலப்புறம் ஆறு, அதற்கப்பால் கெடா மாநிலம். 1800ஆம் ஆண்டு பிரிட்டிஷார் கெடா சுல்தானிடமிருந்து இந்த நிலப்பகுதியைப் பெற்றபோது எல்லையாக நின்ற ஆறு, இன்றும் அப்படியே எல்லையாக நிற்கிறது. வடக்கே, 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலை முகில் சூடி நின்றது. கடாரம் என்ற பழைய கெடாவைத் தேடி வந்த மரக்கலங்களுக்கு அடையாளமாக விளங்கிய மலை அது. அதைக் கண்ணில் வைத்துக்கொண்டே மிதிக்கும்போது கால் வலி அவ்வளவாகத் தெரிவதில்லை.

இடப்புறம், நடவு முடிந்த வயல்களில் நத்தைக்குத்தி நாரைகள் கூட்டமாக மேய்ந்தன. வண்டியை நிறுத்தி ஒன்றை அருகில் பார்த்தேன். அலகை முழுதாக மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி தெரிகிறது. சேற்றிலிருந்து நத்தையை எடுத்து, ஓட்டை விட்டுச் சதையை மட்டும் உருவி விழுங்கிவிட்டு, அடுத்த அடி வைக்கிறது. வாய்க்கால் ஓரத் தண்டுகளில் அந்த நத்தையின் முட்டைகள் இளஞ்சிவப்புக் கொத்துகளாக ஒட்டியிருந்தன. நெற்பயிரைத் தின்றழிக்கும் நத்தை என்பதால் விவசாயிகள் இந்த நாரைகளை விரட்டுவதில்லையாம்.

ஆற்றின் குறுக்கே உள்ள மெர்டேக்கா பாலத்துக்குச் சில கிலோமீட்டர் முன்பாகப் பின்சக்கரம் காற்றிழந்தது. மாற்று டியூப் கையில் இருந்தது; ஆனால் அதன் வால்வின் அடிப்பகுதி கிழிந்திருந்தது. ஒட்டலாம் என்றால் பசைக் குழாய் உள்ளேயே காய்ந்து கல்லாகிவிட்டது. புறப்படுமுன் இரண்டையும் சோதித்திருக்க வேண்டியவன் நான்தான். நிழலற்ற கரையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தபோது, சரிவில் ஏழெட்டு மாடுகளை மேயவிட்டுக் குடையின் கீழ் அமர்ந்திருந்த பெரியவர் தமிழிலேயே குரல் கொடுத்தார்.

“பின் சக்கரமா தம்பி? கொண்டா இப்படி.”

எழுபதைக் கடந்தவர். மோட்டார் சைக்கிளின் கூடையிலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டின்னை எடுத்தார். உள்ளே பசை, உப்புத்தாள், சதுரமாக நறுக்கிய ரப்பர் துண்டுகள். டியூபைக் கழற்றிக் காற்றடித்து வாய்க்கால் நீரில் அமிழ்த்தினார். ஓரிடத்தில் நீர்க்குமிழிகள் சரமாக எழுந்தன. கண்டுபிடித்துவிட்டோம் என்று நான் கை நீட்டினேன். அவர் தரவில்லை, மீதி வட்டத்தையும் விரல் விரலாக நீருக்குள் நகர்த்திக்கொண்டே போனார். வால்வுக்கு அருகே, மிக நிதானமாக, ஒற்றைக் குமிழி ஒன்று வந்தது. “ஒன்னைப் பார்த்ததும் நிறுத்தக் கூடாது,” என்றார். பிறகு டயரின் உட்புறம் முழுவதும் கட்டை விரலால் தடவி, கண்ணுக்குத் தெரியாத ஒரு கம்பித் துண்டைப் பிடுங்கி எடுத்தார். வெடித்துச் சிதறும் லோரி டயர்களிலிருந்து உதிரும் கம்பி அது. அதை எடுக்காமல் ஒட்டியிருந்தால் அடுத்த கிலோமீட்டரில் மறுபடியும் நின்றிருப்பேன். பசை தடவியதும் நான் அவசரப்பட்டபோது, “விரல்ல ஒட்டாத பிறகுதான் டியூப்ல ஒட்டும், பொறு,” என்று தடுத்துவிட்டுப் பேசத் தொடங்கினார்.

இளமையில் அவர் பால்காரர். இரும்பு மிதிவண்டியின் இருபுறமும் பால் பாத்திரங்களைக் கட்டிக்கொண்டு, விடியுமுன் கெப்பாளா பத்தாஸ் வரை மிதித்து, வீடு வீடாக ஊற்றிவிட்டுத் திரும்புவாராம். நடுவழியில் பஞ்சரானால் பால் திரிந்துவிடும் என்பதால், இருட்டில் குமிழியைக் கண்ணால் பார்க்காமல், டியூபைக் கன்னத்தருகே பிடித்துக் காற்றை உணர்ந்தே ஓட்டையைக் கண்டுபிடிக்கப் பழகினாராம். கரை இவ்வளவு உயரமாக இல்லாத காலத்தில் ஆறு வீட்டுக்குள் வந்து போன கதைகளையும் சொன்னார். 2003ஆம் ஆண்டு பெருவெள்ளத்தில் மாடுகளை ஓட்டிக்கொண்டுபோய் மேட்டுச் சாலையில் இரண்டு இரவுகள் காவல் இருந்ததைச் சொல்லும்போது, அவற்றின் பெயர்களை ஒன்றுவிடாமல் சொன்னார்.

நான் தீவிலிருந்து வருகிறேன் என்றதும் அவர் கேட்ட கேள்வியை எதிர்பார்க்கவில்லை. “அங்கே தண்ணி நல்லா வருதா? மாடி வீட்டுக்கெல்லாம் ஏறுதா?”

பதினான்காவது மாடியில் இருக்கிறேன், அங்கேயும் நன்றாக வருகிறது ஐயா என்றேன். சொந்தக் கிணற்று நீரைப் பற்றி நல்ல வார்த்தை கேட்டவரைப்போல அவர் முகம் மலர்ந்தது. பணம் கொடுக்க முயன்றதை அவர் விரும்பவில்லை. என்னிடமிருந்த இரண்டு ஆரஞ்சுப் பழங்களில் ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டார்.

1957இல் திறக்கப்பட்ட மெர்டேக்கா பாலத்தைக் கடந்தபின் வழி நெடுகக் கடற்காற்று எதிரே அடித்தது. இந்தப் பாதையில் போக நினைப்பவர்கள் நண்பகலுக்குள் முகத்துவாரத்தை அடைந்துவிடுவது நல்லது.

குவாலா மூடாவில், ஏலம் முடியும் தறுவாயில் மீன் சந்தையை எட்டினேன். அதற்குக் கிசுகிசுப்புச் சந்தை என்றே பெயர். மீன் கூடையைச் சுற்றி வாங்குபவர்கள் நெருங்கி நிற்க, ஒவ்வொருவராக ஏலக்காரரின் தோளில் கை போட்டு, தம் விலையைக் காதோடு சொல்லிவிட்டு விலகுகிறார்கள். பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. எல்லோரும் சொன்னபின் ஏலக்காரர் ஒருவரைப் பார்த்துத் தலையசைக்கிறார், கூடை நகர்கிறது. இவ்வளவு அமைதியான மீன் சந்தையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

தெலுக் ஆயர் தாவார் வழியாகக் கடலோரமாகவே பட்டர்வொர்த் திரும்பி, மாலை ஃபெரியைப் பிடித்தேன். புதுப் பசைக் குழாய்கள் இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். ஒன்று எனக்கு, மற்றொன்று அந்தப் பிஸ்கட் டின்னுக்கு. பெரியவர் போட்ட இரண்டு ஒட்டுகளும் இன்றுவரை காற்றை விடவில்லை.