சீனியரோட பழைய கிரிமினல் புக்ஸ் வாங்கலாமா, வேணாமா?

மேலூர் ஜூனியர்:
எல்லாருக்கும் வணக்கம். வக்கீலா என்ரோல் பண்ணி ஒன்றரை வருஷம் ஆச்சு, மேலூர் கோர்ட்டும் மதுரை மாவட்ட கோர்ட்டுமா ஓடிக்கிட்டு இருக்கேன். தெரிஞ்ச சீனியர் ஒருத்தர் பிராக்டிஸ நிறுத்துறாரு, அவரோட ஐபிசி (குத்தமும் தண்டனையும்), சிஆர்பிசி (கேஸ் நடத்துற முறை), எவிடென்ஸ் ஆக்ட் (சாட்சியம்) கமெண்டரி, அதாவது தீர்ப்புகளோட சேத்த விளக்கவுரை, மொத்தம் 11 வால்யூம், 6,000 குடுத்துட்டு எடுத்துக்கப்பான்றாரு. 2024 ஜூலை 1லயே மூணு சட்டமும் மாறி, ஐபிசிக்கு பிஎன்எஸ், சிஆர்பிசிக்கு பிஎன்எஸ்எஸ், எவிடென்ஸ் ஆக்டுக்கு பிஎஸ்ஏன்னு வந்துருச்சே, இத வச்சு என்ன பண்றதுன்னு யோசனையா இருக்கு. புது செட் வாங்குனா கையக் கடிக்குது. அண்ணன்மாரு சொல்லுங்க.

கே.கே.நகர்க்காரன்:
வாங்காத தம்பி, எடைக்குப் போடப்போறத உன் தலைல கட்டப் பாக்குறாரு. 302ன்னா கொலைன்னு சினிமா பாத்தவனுக்கெல்லாம் தெரியும், இப்ப பிஎன்எஸ்ல 302ன்னா மத உணர்வப் புண்படுத்தப் பேசுறது, கொலை 103க்குப் போயிருச்சு. டிவில இன்னும் 144 தடை உத்தரவுன்றான், அது இப்ப 163, பிஎன்எஸ்எஸ்ல 144ப் புரட்டுனா ஜீவனாம்சம் வருது. இதெல்லாம் சிரிச்சிட்டுப் போயிரலாம், 482 தான் ஆளக் கவுத்தும். பழைய 482 குவாஷ் (கேஸையே ரத்து பண்ணக் கேக்குறது), புது 482 முன்ஜாமீன், ரெண்டையுமே ஹைகோர்ட் மதுரை பெஞ்ச்ல கிரிமினல் ஓ.பி.ன்னு ஒரே வகை மனுவாத்தான போடுறோம். எங்க ஆபீஸ் பையன் ஒருத்தன் பழைய ஞாபகத்துல 482ன்னு அடிச்சு குவாஷ் கேட்டு, மனு ரிட்டர்ன் ஆகி, பெஞ்ச் இருக்குற ஒத்தக்கடைக்கும் ஆபீஸுக்கும் ரெண்டு நாளா அலைஞ்சான், அதுக்குள்ள பார்ட்டி கேஸ் கட்ட வாங்கிட்டு வேற வக்கீல்ட்ட போயிட்டான்.

உசிலம்பட்டி பழசு:
அது பையன் தப்பு, புத்தகம் என்ன பண்ணும். பழைய பிரிவு புதுப் பிரிவு அட்டவணைய ஜெராக்ஸ் எடுத்து கோட்டுப் பைல மடிச்சு வச்சிருந்தா முடிஞ்சது.
தம்பி, நீங்க தினம் தூக்கிட்டுப் போற கட்டுல சம்பவ தேதி என்னன்னு மொதல்ல பாருங்க. என் கைல சாட்சி விசாரணைல இருக்குறது முக்கால்வாசி 2024க்கு முந்துன அடிதடிதான். ஜூலை 1க்கு முன்னாடி நடந்த குத்தத்துக்கு ஐபிசி தான், குத்தம் நடந்த அன்னைக்கு இருந்த சட்டப்படிதான் தண்டிக்கணும்னு அரசியல் சட்டம் 20(1) இருக்குல்ல. அன்னைக்குத் தேதில நடந்துக்கிட்டிருந்த டிரையலும் பழைய சிஆர்பிசிப்படியே ஓடும்னு பிஎன்எஸ்எஸ் 531லயே எழுதிருக்கான். அந்தக் கேஸெல்லாம் முடிஞ்சு அப்பீல் போய் வர்றதுக்குள்ள உங்களுக்கே தல நரச்சுரும்.
இன்னொண்ணு, சட்டம் மாறுறது இப்பத்தான் புதுசா? 1898 சிஆர்பிசி கோடு போயி 1973 கோடு வந்து 74 ஏப்ரல் 1ல அமலாச்சு. எங்க சீனியர் கடைசி வரைக்கும் 482ன்னு சொல்லவே மாட்டாரு, 1898 கோடு நம்பர் 561-ஏ ன்னுதான் சொல்லுவாரு. பழைய கோடுக்கு வந்த தீர்ப்பெல்லாம் அப்ப என்ன, குப்பைக்கா போச்சு?

கே.கே.நகர்க்காரன்:
அண்ணே, நம்பர் மட்டும் மாறலைன்னுதான் நானும் சொல்ல வாரேன். பிரைவேட் கம்ப்ளெயின்ட் (நேரா கோர்ட்ல குடுக்குற புகார்) எடுத்துக்கங்க, பழைய 200 இப்ப 223. கோர்ட் காக்னிசன்ஸ் எடுக்குறதுக்கு (கேஸ விசாரிக்க ஏத்துக்குறதுக்கு) முன்னாடியே எதிரிக்குப் பேச வாய்ப்புக் குடுக்கணும்னு புதுசா போட்டிருக்கான், பழைய வால்யூம்ல அந்தப் பேச்சே கெடையாது. எஃப்ஐஆர் போட மாட்டேன்றாங்கன்னு எஃப்ஐஆர் போட்டே ஆகணும்னு சொன்ன லலிதா குமாரி தீர்ப்ப மட்டும் தூக்கிட்டுப் போனா, 173(3)ல டிஎஸ்பி அனுமதியோட 14 நாள் முதல்கட்ட விசாரணைன்னு ஏட்டையா நம்மளுக்குப் பாடம் எடுப்பாரு. சிசிடிவி போடணுமா, எலக்ட்ரானிக் ஆதாரத்துக்குக் குடுக்குற 65-பி சர்டிபிகேட் இப்ப பிஎஸ்ஏ 63(4), அதுல ஏ பார்ட், பி பார்ட், ஹாஷ் வேல்யூ (ஃபைல் மாறலைன்னு காட்டுற குறியீடு), எக்ஸ்பர்ட் கையெழுத்துன்னு ஃபார்மே வேற. பேர் ஆக்ட் (விளக்கவுரை இல்லாத வெறும் சட்டம்) இந்தியா கோட் சைட்ல ஓசி, சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு இ-எஸ்சிஆர்ல ஓசி. 6,000த்துக்குப் புதுசா ஒரு நல்ல கமெண்டரியாச்சும் வாங்கலாம்.

உசிலம்பட்டி பழசு:
ஓசி சரிப்பா, எதத் தேடணும்னு தெரிஞ்சாத்தான அந்தப் பொட்டில டைப் பண்ணுவ?

திருமங்கலம் அக்கா:
இதுல நான் அனுபவப்பட்டவ, அதனால சொல்றேன். 2017 சம்பவம், 324 (ஆயுதத்தால காயம்) கேஸ். ரெண்டாம் சாட்சி சீஃப்ல (முதல் விசாரணைல) ரெண்டாம் எதிரி கைல அருவா இருந்துச்சுன்னு சொல்லிட்டான், போலீஸ்ட்டக் குடுத்த 161 வாக்குமூலத்துல அருவாப் பேச்சே இல்ல. கிராஸ்ல (குறுக்கு விசாரணைல) கேட்டேன், ஏபிபி (அரசு வக்கீல்) எந்திரிச்சு, சொல்லாம விட்டதெல்லாம் முரண்பாடு ஆகாதுன்னாரு. எனக்கு ஆகும்னு தெரியும், எங்க இருக்குன்னு தெரியல. ஃபோன எடுத்துத் தேடுனேன், பிடிஎஃப் சுத்திக்கிட்டே இருக்கு, மாஜிஸ்ட்ரேட் ஃபோன உள்ள வைங்கம்மான்னுட்டாங்க. மொகமெல்லாம் வேர்த்துருச்சு. பின் பெஞ்ச்ல இருந்த ஒரு பெரியவர் பைண்டிங் பிஞ்ச சிஆர்பிசிய நீட்டுனாரு, 162ம் பிரிவு இருக்குற பக்கத்துல எக்ஸ்பிளனேஷனுக்கு நேரா பென்சில்ல "விடுபட்டதும் முரண்தான், தாசில்தார் சிங் 1959" ன்னு பொடிப்பொடியா எழுதிருக்கு. அப்படியே வாசிச்சேன், கேள்விய அனுமதிச்சாங்க. (பேரப் பாத்து அது ஏதோ ரெவின்யூ கேஸுன்னு ரொம்ப நாளா நெனச்சிட்டிருந்தேன், சிரிக்காதீங்க.) இன்னைக்கு 162ங்கிறது 181, எவிடென்ஸ் ஆக்ட் 145 புதுசுல 148, ஆனா அந்தக் கேள்வியக் கேக்குற மொற அதேதான்.
அதுக்காகப் பதினொண்ணையும் அள்ளிட்டு வராதீங்க தம்பி. எவிடென்ஸும் சிஆர்பிசில விசாரணை வர்ற வால்யூமும் போதும்.

கே.கே.நகர்க்காரன்:
அக்கா சொல்ற மாதிரி ரெண்டு மூணுன்னா சரி, எவிடென்ஸ்ல நான் சண்டைக்கு வரல. ஐபிசி வால்யூம் மட்டும் வேணவே வேணாம்.

உசிலம்பட்டி பழசு:
ஐபிசி தான்யா மொதல்ல வேணும்! கொலைன்னா என்னன்னு சொல்ற 300க்கு அஞ்சு விதிவிலக்கு, திடீர் சண்டையா திட்டமிட்ட கொலையாங்கிறது, அது பூராம் புது 101ல அப்படியேதான இருக்கு. அதுக்கு நூத்துச் சொச்சம் வருஷத் தீர்ப்ப எங்க போய்த் தேடுவ?

குமாஸ்தா:
நான் வக்கீல் இல்ல, முப்பது வருஷமா கட்டு தூக்குறவன். நீங்க எல்லாரும் பெரிய பெரிய புக்காப் பேசுறீங்க, கிரிமினல் கோர்ட் நடைமுறை விதி, கிரிமினல் ரூல்ஸ் ஆஃப் பிராக்டிஸ் 2019ன்னு ஒண்ணு இருக்கே, அத எத்தன பேரு வச்சிருக்கீங்க? மனு திரும்பி வர்றதுல பாதி அதப் படிக்காம வர்றதுதான். முன்னெல்லாம் புதுமண்டபத்துல போய்ப் பழைய புஸ்தகம் கெளறுவோம், இப்ப அந்தக் கடையெல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிருச்சு, அங்கிட்டும் ஒரு நடை பாத்துட்டு வெல பேசுங்க தம்பி. எந்தப் பதிப்புன்னு மொதல்ல கேளுங்க, 1995 பதிப்பப் போயி 6,000ம்பாங்க.

மேலூர் ஜூனியர்:
ஞாயித்துக்கிழம போனேன். ஐபிசி 2009 பதிப்பு, எவிடென்ஸ் 2016, சிஆர்பிசி வால்யூம் ரெண்டு கரையான் பிடிச்சுப் போச்சு. எவிடென்ஸ் ரெண்டும் ஐபிசி ஒண்ணுமா மூணு எடுத்தேன், 1,500 குடுத்தேன், அவரு எண்ணிக்கூடப் பாக்கல. அண்ணே, ஐபிசிய எடுத்ததுக்கு வையாதீங்க, 300ம் பிரிவு வர்ற பக்கம் பூரா பென்சில் எழுத்து, விட்டுட்டு வர மனசு வரல. குமாஸ்தா சார், ரூல்ஸ் புக் ஆர்டர் போட்டுட்டேன். எவிடென்ஸ் புக்குக்குள்ள 1994 தேதில கையெழுத்துப் போட்ட வக்காலத்து ஒண்ணு மடிச்சுக் கெடக்கு, ஃபைல் பண்ணவே இல்ல போல.

குமாஸ்தா:
அதத் தூரப் போட்றாதீங்க, நாளைக்கே அவர்ட்டக் கொண்டுபோய்க் குடுங்க. அந்தப் பார்ட்டி இன்னும் தேடிக்கிட்டு இருந்தாலும் இருப்பான்.